நாவலூர் வாசகிக்கு: அந்த டியூபை வெளியே எடுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. ஆனால் பதிலைத் தபாலில் தனியாக அனுப்பாமல் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன். நீங்கள் கேட்டதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, நீர்க்கடுப்போடு நாளை ஓட்டுகிற பெண்கள் உங்கள் நாவலூரிலும் தாழம்பூரிலும் கேளம்பாக்கத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 51. மாதவிலக்கு நின்று நாலு வருஷம். கர்ப்பப்பை இருக்கிறது. கடந்த ஒரு வருஷமாக நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாட்டிக். மாத்திரை முடிந்த கொஞ்ச நாளிலேயே மறுபடியும் எரிச்சல். இந்த முறை டாக்டரம்மா உள்ளே பரிசோதித்துப் பார்த்துவிட்டு எஸ்ட்ரியால் கிரீம் ஒன்றும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் பொடி எழுத்தில் ஒரு தாள். சிறுசேரியில் வேலை பார்க்கும் மகள் அதைப் படித்துவிட்டு, "அம்மா, இது ஹார்மோன். கேன்சர் வரும், ஸ்ட்ரோக் வரும்னு போட்டிருக்கு" என்றாள். டியூப் பீரோவுக்குள் போய்விட்டது. நீர்க்கடுப்பு மட்டும் போகவில்லை.

என் பதில் இதுதான்: டியூபை வெளியே எடுங்கள். நீங்கள் எழுதியிருக்கிற நிலைமைக்கு டாக்டரம்மா எழுதியது சரியான மருந்து. உங்கள் மகள் படித்ததும் பொய்யில்லை. அந்தத் தாளில் அப்படித்தான் அச்சடித்திருப்பார்கள். இந்த இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதைத்தான் விளக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்களைப் பரிசோதித்தவர் அவர். மருந்தைப் பற்றித் தெரிந்ததை மட்டும் நான் சொல்கிறேன்.

ஈஸ்ட்ரோஜன் என்பது ஒரே ஒரு ஹார்மோன் இல்லை, ஒரு குடும்பம். வயதுக்கு வந்ததிலிருந்து மாதவிலக்கு நிற்கும்வரை சினைப்பை சுரப்பது எஸ்ட்ரடையால். குடும்பத்தில் வீரியம் கூடியது அது. மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பின் கொழுப்புத் திசுவில் கொஞ்சம் உண்டாவது எஸ்ட்ரோன். மூன்றாவது எஸ்ட்ரியால். சாதாரண நாளில் இது ரத்தத்தில் இருப்பதே தெரியாது. கர்ப்பக் காலத்தில் மட்டும் மளமளவென்று ஏறி, பிரசவம் நெருங்கும்போது பழைய அளவைப்போல் சுமார் ஆயிரம் மடங்காகிவிடும். அதாவது, நீங்கள் பயந்து பூட்டி வைத்திருக்கும் இந்தப் பொருள், உங்கள் மகளைச் சுமந்த மாதங்களில் உங்கள் ரத்தத்தில் பெருக்கெடுத்து ஓடியது.

அது உண்டாகிற விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். தாய் தனியாக அதைச் செய்ய முடியாது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் அட்ரீனல் சுரப்பி ஒரு மூலப்பொருளைச் செய்து கொடுக்கிறது. குழந்தையின் கல்லீரல் அதில் ஒரு மாற்றம் செய்கிறது. நஞ்சுக்கொடி அதை எஸ்ட்ரியாலாக முடித்துத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. மூன்று இடத்தில் வேலை நடந்தால்தான் ஒரு எஸ்ட்ரியால். அதனால்தான் ஸ்கேன் பரவலாக வருவதற்கு முன்னால், கர்ப்பிணியின் ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் ஜாடியில் பிடித்து, அதில் எஸ்ட்ரியால் எவ்வளவு என்று அளந்து குழந்தை நலமாக இருக்கிறதா என்று கணித்தார்கள். இப்போதும் நாலாவது, ஐந்தாவது மாதத்தில் குழந்தைக்குப் பிறவிக் கோளாறு இருக்குமா என்று பார்க்க எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எஸ்ட்ரியாலும் ஒன்று. எஸ்ட்ரியாலை முதலில் பிரித்தெடுத்தவர் கை மாரியன் என்ற விஞ்ஞானி. லண்டனில், 1930இல், கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து.

இனி உங்கள் நீர்க்கடுப்புக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் இருக்கும் வரைக்கும் பெண்ணுறுப்பின் உட்சுவர் தடிப்பாக, ஈரமாக இருக்கும். அந்தச் சுவரின் செல்களில் சர்க்கரைச் சத்து சேர்ந்திருக்கும். அதைத் தின்று வாழும் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா அமிலத்தை விடும். அமிலம் இருக்கிற இடத்தில் குடலிலிருந்து வரும் ஈ. கோலை குடியேற முடியாது. மாதவிலக்கு நின்று சில வருஷத்தில் சுவர் மெலிகிறது, காய்கிறது, நல்ல பாக்டீரியா பட்டினி கிடந்து மறைகிறது, அமிலம் போகிறது. சிறுநீர்த் துவாரமும் அதே சுவரின் தொடர்ச்சிதான், அதுவும் மெலிந்துபோகிறது. பிறகு ஈ. கோலைக்குப் பாதை திறந்த வீடு. ஆன்டிபயாட்டிக் உள்ளே வந்தவனைக் கொல்கிறது, கதவைச் சாத்துவதில்லை. அதனால்தான் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. நீங்கள் சுத்தமாக இல்லை என்று அர்த்தமில்லை. தண்ணீர் போதவில்லை என்பது மட்டுமே காரணமும் இல்லை.

இதற்கு எஸ்ட்ரியால் கிரீம் என்ன செய்யும் என்பதற்கு ஊகம் தேவையில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ராஸ், ஸ்டாம் என்ற இரண்டு டாக்டர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வு அது. மாதவிலக்கு நின்று, அடிக்கடி நீர்த்தொற்று வரும் 93 பெண்கள். ஒரு பகுதியினருக்கு எஸ்ட்ரியால் கிரீம்; மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் கிரீம். வெறும் கிரீம் போட்டவர்களுக்கு ஒரு வருஷத்துக்குச் சராசரியாக ஆறு தடவை தொற்று வந்தது. எஸ்ட்ரியால் போட்டவர்களுக்கு அரைத் தடவை, அதாவது இரண்டு வருஷத்துக்கு ஒன்று. ஒரே மாதத்தில் எஸ்ட்ரியால் போட்டவர்களில் பத்தில் ஆறு பேருக்கு லாக்டோபேசிலஸ் திரும்பி வந்துவிட்டது. வெறும் கிரீம் பக்கத்தில் ஒருவருக்கும் வரவில்லை. மருந்து ஆய்வுகளில் இவ்வளவு பளிச்சென்ற வித்தியாசத்தை அடிக்கடி பார்க்க முடியாது.

அப்படியானால் அந்தத் தாளில் ஏன் அத்தனை பயங்கரம்? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் மகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

1942இலிருந்து அமெரிக்காவில் விற்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, சினையாக இருக்கும் பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்தது. என்றென்றும் இளமையாக இருக்கலாம் என்று சொல்லி அறுபதுகளில் அதை அள்ளிக் கொடுத்தார்கள். 1975இல் முதல் அடி விழுந்தது: கர்ப்பப்பை உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக விழுங்கினால் கர்ப்பப்பையின் உட்படலத்தில் புற்று வருவது பல மடங்கு கூடுகிறது என்று தெரிந்தது. உட்படலத்தை வளரவைப்பது ஈஸ்ட்ரோஜனின் வேலை. மாதாமாதம் அதை அடக்கி உதிர்ப்பது புரோஜெஸ்ட்ரோனின் வேலை. ஒன்றை மட்டும் கொடுத்தால் வளர்ச்சி அடங்காது. அன்றிலிருந்து கர்ப்பப்பை இருக்கும் பெண்ணுக்கு இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது விதி.

அடுத்தது 2002 ஜூலை. பெண்கள் உடல்நலத்துக்காக அமெரிக்க அரசு நடத்திய மிகப் பெரிய ஆய்வில், குதிரை ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்ட்ரோனும் சேர்ந்த மாத்திரையை 16,608 பெண்களிடம் சோதித்தார்கள். அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரலில் ரத்தக்கட்டு எல்லாம் கூடுகிறது என்று உலகம் பூராவும் தலைப்புச் செய்தி. நம் ஊர் டாக்டர்கள்கூட ஒரே வாரத்தில் பேனாவை மூடிவிட்டார்கள். செய்தி பொய்யில்லை. ஆனால் அளவைப் பாருங்கள்: 10,000 பெண்களில் ஒரு வருஷத்தில் மார்பகப் புற்று வருகிறவர்கள் மாத்திரை இல்லாமல் 30 பேர், மாத்திரையோடு 38 பேர். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆனவர்கள் அதில் நிறைய. 2004இல் அதே ஆய்வின் இன்னொரு பகுதி, கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களுடையது, நிறுத்தப்பட்டது. அதில் பக்கவாதம் கூடியிருந்தது. மார்பகப் புற்று கூடவே இல்லை, குறைவாகத்தான் இருந்தது. இந்தப் பாதிக்குத் தலைப்புச் செய்தி கிடைக்கவில்லை.

2002 ஆய்வுக்குப் பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெயர் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கையை ஒட்ட வைத்தது: விழுங்கும் மாத்திரையா, தோலில் தடவும் ஜெல்லா, பெண்ணுறுப்பில் வைக்கும் துளி கிரீமா என்று பிரித்துப் பார்க்கவில்லை. மற்ற நாடுகளின் தாள்களிலும் அதே பாணி. உங்கள் டியூபோடு வந்தது அந்தத் தாளின் வாரிசு. 2025 நவம்பரில் அதே அமைப்பு கட்டம் கட்டிய அந்த எச்சரிக்கையை எடுக்கப்போவதாக அறிவித்தது. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் முழு அளவில் எடுத்தால் உட்படலத்தில் புற்று வரலாம் என்ற எச்சரிக்கை மட்டும் இருக்கும் என்றது. அது இருக்க வேண்டியதுதான்.

நம் நாட்டுக்கும் சொந்தமாக ஒரு கசப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தியாவில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் மிக அதிக அளவில் கலந்த மாத்திரைகள் கடைகளில் தாராளமாகப் போயின. நாள் தள்ளிப்போனால் கர்ப்பமா என்று பார்க்க இரண்டு மாத்திரை. கர்ப்பம் கலையும் என்று நம்பி இன்னும் சில. கலையாமல் தங்கிய குழந்தைகளுக்கு ஊனம் வரும் அபாயம் இருக்கிறது என்று பெண்கள் அமைப்புகள் போராடின. 1982இல் போட்ட தடையை உயர் நீதிமன்றங்களில் நிறுத்தி வைத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், பொது விசாரணைகள் நடந்து, 1988இல்தான் தடை நிலைத்தது. ஹார்மோன் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீட்டுப் பாட்டிகள் கையை உதறியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அது செயற்கை ஹார்மோன், ராட்சச அளவு, கர்ப்பத்தில் இருக்கும் பெண்ணுக்கு. உங்கள் கையில் இருப்பதற்கும் அதற்கும் குடும்பப் பெயர் மட்டும்தான் ஒன்று.

இவ்வளவு சொன்னதை வைத்து எஸ்ட்ரியால் மனித உடம்பில் தானே ஊறுவது, அதனால் எப்படிச் சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சில மருந்துக் கடைகள் எஸ்ட்ரியால் கலந்த கலவைகளை, புற்றைத் தடுக்கும், மறதி நோயைத் தடுக்கும் என்றெல்லாம் சொல்லி விற்றபோது 2008 ஜனவரியில் அரசு ஏழு கடைகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஐரோப்பாவில் எஸ்ட்ரியால் மாத்திரையாகவும் உண்டு. சுவீடனில் பல பெண்கள் அதை மென்மையான ஹார்மோன் என்று நம்பி, கூடப் புரோஜெஸ்ட்ரோன் இல்லாமல் வருஷக்கணக்கில் விழுங்கினார்கள். 1999இல் அந்த நாட்டு ஆய்வு வந்தது: ஐந்து வருஷத்துக்கு மேல் விழுங்கியவர்களுக்குக் கர்ப்பப்பை உட்படலப் புற்று மூன்று மடங்கு. அதே எஸ்ட்ரியாலைப் பெண்ணுறுப்பில் வைத்துக்கொண்டவர்களுக்கு அந்த மாதிரி ஏற்றம் இல்லை.

ஒரே பொருள், இரண்டு வழி, இரண்டு முடிவு. காரணம் எளிது. எஸ்ட்ரியால் செல்லில் போய் ஒட்டிக்கொண்டாலும் சீக்கிரம் விட்டுவிடும். அதனால்தான் வீரியம் குறைவு. ஆனால் தினமும் நிறைய விழுங்கிக்கொண்டே இருந்தால் விடுவதற்குள் அடுத்தது வந்து ஒட்டும். அப்போது அது எஸ்ட்ரடையால் மாதிரியே வேலை செய்யும். வாரத்துக்கு இரண்டு முறை, அரை மில்லிகிராம், தேவைப்படும் இடத்தில் மட்டும் என்றால் அந்த நிலைமை வருவதில்லை. கர்ப்பப்பை உள்ள, பெண்ணுறுப்பில் மட்டும் ஈஸ்ட்ரோஜன் வைத்துக்கொண்ட பெண்களை அமெரிக்காவின் அந்தப் பெரிய ஆய்வுக் குழுவே பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2018இல் எழுதியது: மார்பகப் புற்றோ, கர்ப்பப்பைப் புற்றோ, பக்கவாதமோ, ரத்தக்கட்டோ கூடவில்லை.

சரி, எப்படிப் போடுவது. மருந்துக்கடை கவுன்டரில் நின்ற காலத்தில் இந்தச் சீட்டு வந்தால் நாலாக மடித்து, மற்ற மருந்துகளின் சீட்டுக்கு அடியில் வைத்து நீட்டுவார்கள். பின்னால் ஆண்கள் நின்றால், "அப்புறம் வர்றேன்" என்று போய்விடுவார்கள். போடும் முறையை விளக்க முடிந்ததே குறைவு. பலர் முகத்துக்குத் தடவுகிற மாதிரி வெளியே தடவிக்கொண்டு பலன் இல்லை என்று விட்டிருக்கிறார்கள். டியூபோடு ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கும். அதை டியூபின் வாயில் திருகி, குழலில் போட்டிருக்கும் கோடு வரை மட்டும் கிரீமைப் பிதுக்குங்கள். ராத்திரி படுக்கப்போகும் நேரம்தான் நல்லது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குழலை மெதுவாக உள்ளே விட்டுத் தண்டை அழுத்த வேண்டும். பிறகு குழலை இளஞ்சூட்டு வெந்நீரில், வாசனையில்லாத சோப்பால் கழுவிக் காயவையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். வழக்கமாக முதல் இரண்டு மூன்று வாரம் தினமும், அதன் பின் வாரத்துக்கு இரண்டு நாள். உங்கள் சீட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் சீட்டுப்படி. கணவருடன் சேரும் இரவில் அதற்கு முன் போட வேண்டாம். மருந்து அவருக்குப் போய்ச் சேரத் தேவையில்லை.

முதல் சில நாள் லேசான எரிச்சலோ மார்பு கனப்பதோ இருக்கலாம். மெலிந்த சுவர் வழியாக ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தத்துக்குள் போகும்; சுவர் தடித்த பிறகு குறைந்துவிடும். பலன் தெரிய சில வாரம் ஆகும். நிறுத்திவிட்டால் வறட்சி திரும்பும். ஆகவே ஒரு டியூப் போட்டுவிட்டு மறக்கிற மருந்து இல்லை இது. டாக்டரைப் பார்த்துப் பார்த்துத் தொடர வேண்டியது.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு காரணம் தெரியாமல் ரத்தம் பட்டிருந்தால், அது என்னவென்று பார்க்காமல் போடக்கூடாது. மார்பகப் புற்றுக்கு வைத்தியம் எடுத்தவர்கள் தங்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. குறிப்பாக லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள். டென்மார்க்கில் 2022இல் வந்த ஆய்வு, பெண்ணுறுப்பு ஈஸ்ட்ரோஜனால் பொதுவாகப் புற்று திரும்புவது கூடவில்லை, ஆனால் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் கூடியது என்றது. காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நாத்தனாரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வரி என்னைத் தூங்கவிடவில்லை. 38 வயதில் அதிக ரத்தப்போக்குக்காகக் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள், இப்போது 41, உடம்பு திடீர் திடீரென்று தீப்பிடித்த மாதிரி எரிகிறது, ராத்திரி நைட்டி நனைகிறது, "கத்திரி வெயில்தான், வேறென்ன" என்கிறார். கோவளத்துக் கடல்காற்று வீசுகிற மார்கழியிலும் அவருக்கு அப்படி வேர்த்தால் அது வெயில் இல்லை, சகோதரி.

உங்களைவிட அவருக்குத்தான் ஹார்மோன் அவசரம். அதுவும் எஸ்ட்ரியால் கிரீம் அவருக்குப் போதாது. அவருக்கு வேண்டியது உடம்பு முழுவதற்குமான எஸ்ட்ரடையால். இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு தானாக நிற்பதே சராசரியாக 46, 47 வயதில். மேற்கு நாடுகளைவிட நாலைந்து வருஷம் முன்னால். இவருக்கு அதற்கும் எட்டு வருஷம் முன்பே கத்தியால் நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷங்களில் எலும்பு கரையும், இதயத்துக்கு இருந்த பாதுகாப்பு போகும். 2002ஆம் வருஷத்துப் பயம் 63 வயதுப் பெண்களுடையது. 41 வயதில் இல்லாமல் போனதை ஈடு செய்வது வேறு கணக்கு. மாதவிலக்கு இயல்பாக நிற்கும் வயது வரைக்குமாவது அவருக்கு ஹார்மோன் கொடுக்க வேண்டும் என்பதுதான் உலகம் முழுவதும் டாக்டர்களின் அறிவுரை, அவருக்கு வேறு தடை இல்லாவிட்டால். கர்ப்பப்பை இல்லாததால் புரோஜெஸ்ட்ரோன் பொதுவாகத் தேவைப்படாது. ரத்த அழுத்தமோ உடல் பருமனோ இருந்தால் மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல் நல்லது. விழுங்கினால் மருந்து முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது, தோல் வழியாகப் போனால் அது நடப்பதில்லை என்று பிரான்சில் நடந்த ஆய்வுகள் காட்டின.

இவர் ஒருவர் மட்டும் இல்லை. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வுப்படி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 100க்கு 3 பேருக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு 34 வயதுக்குள்ளேயே. மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. எடுப்பதைப் பற்றி இப்போதாவது பேசுகிறார்கள். எடுத்த பிறகு அந்தப் பெண் அடுத்த பத்து வருஷத்தை எப்படிக் கடப்பாள் என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். டிஸ்சார்ஜ் தாளில் தையல் பிரிக்கும் தேதி இருக்கிறது. சினைப்பையை எடுத்தோம், ஹார்மோன் பற்றி வந்து பேசுங்கள் என்று ஒரு வரி இருப்பதில்லை. நாத்தனாரைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, உங்களுக்குப் பழக்கமான மகப்பேறு டாக்டரிடமோ அழைத்துப் போங்கள். ஆபரேஷன் அறிக்கையை மறக்காமல் எடுத்துப் போங்கள். சினைப்பை இருக்கிறதா இல்லையா என்பது அதில்தான் இருக்கும். பல பெண்களுக்குத் தங்கள் உடம்பில் எதை எடுத்தார்கள் என்றே தெரியாது.

கவுன்டரில் இன்னொரு தரப்பினரையும் பார்த்திருக்கிறேன், அவர்களையும் விட்டுவிட முடியாது. திருநங்கைகள் சிலர் வந்து மாலா-டி கருத்தடை மாத்திரை அட்டைகளைக் கொத்தாக வாங்கிப் போவார்கள். மார்பு வளர வேண்டும் என்று தினம் நாலு, ஐந்து மாத்திரை. அதில் இருப்பது எதினைல் எஸ்ட்ரடையால். ரத்தக்கட்டு வரவைப்பதில் ஈஸ்ட்ரோஜன் குடும்பத்திலேயே மோசமானவற்றில் ஒன்று. அதனால்தான் திருநங்கைகளுக்கான சிகிச்சையில் டாக்டர்கள் அதைக் கைவிட்டுவிட்டு எஸ்ட்ரடையாலைக் கொடுக்கிறார்கள், ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அவர்களுக்கு இதற்கான சிகிச்சை இருக்கிறது. தோழிகள் சொன்ன அளவில் விழுங்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சதாவரி லேகியம், சோயா கேப்ஸ்யூல், ஆளி விதை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆளி விதையை இட்லிப் பொடியில் சேர்ப்பதும் சதாவரி என்கிற தண்ணீர்விட்டான் கிழங்கும் உணவாக இருக்கட்டும், நல்லதே. உங்கள் நீர்க்கடுப்பை அவை நிறுத்தாது, நாத்தனாரின் எலும்பைக் காக்காது. ஹார்மோன் இல்லாமலே ஹார்மோனின் பலன் என்று பாட்டிலில் எழுதி 1,500 ரூபாய் கேட்டால் வாங்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோள், உங்களுக்கு அல்ல, அரசுக்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள். நாற்பது தாண்டிய பெண்ணிடம் அவர்கள் இன்னும் மூன்று கேள்வி கேட்கலாம்: மாதவிலக்கு எப்போது நின்றது, தானாக நின்றதா ஆபரேஷனா, நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிறதா. அவர்களிடம் சொல்ல நம் பெண்கள் வெட்கப்பட மாட்டார்கள். ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க மீன் விற்கும் பெண்ணுக்கும், பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்கும் பெண்ணுக்கும் டாக்டரம்மாவிடம் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை. எஸ்ட்ரியால் கிரீம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் எழுத்தின் பேரில் இலவசமாகக் கிடைத்தால், அவர்கள் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் எவ்வளவு குறையும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் இன்று இரவே தொடங்குங்கள். ஆறு வாரம் கழித்து டாக்டரம்மாவைப் பார்த்து எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். அதற்குள் நீர்க்கடுப்போடு காய்ச்சலோ குளிரோ வந்தால் கிரீமை நம்பிக் காத்திருக்காமல் போய்விடுங்கள். என்றைக்காவது உள்ளாடையில் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், கிரீமால் வந்திருக்கும் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாமல் மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி